தக்காளிக்குக் கம்பு, பாகலுக்குப் பந்தல், இடையில கச்சான் காத்து

கண்டு நட்டு ஒரு ஒண்டரை மாசம் போய், தக்காளி காயோட சேர்ந்து ஒரு பக்கமாச் சரிஞ்சு மண்ணுல கிடக்கக்குள்ளதான் நம்ம ஆக்களுக்குக் கம்பு ஞாபகம் வாறது. உடனே வேலியோரம் போய்க் கையில ஆம்பிட்ட தடிய முறிச்சு, அடித்தண்டுக்குப் பக்கத்துல ஒரே குத்தாக் குத்தி, நைலோன் கயித்தால இறுக்கி ஒரு கட்டு. பிறகு ரெண்டு மூணு நாளுல இலை தொங்குது, என்ன நோயெண்டு தெரியல்ல, மருந்து அடிக்கவா எண்டு கேக்கிறது. நோயும் இல்ல ஒண்டும் இல்ல, குத்தினதுல பாதி வேர் அறுந்து போச்சு, மிச்ச வேலைய கயிறு பாக்குது. நானும் ரெண்டு வருசம் இதத்தான் செஞ்சன், அதால துணிஞ்சு சொல்லலாம்.

நான் இருக்கிறது மட்டக்களப்புல களுதாவளைப் பக்கம், கலியாணம் முடிச்சு வந்த வீடு, மனிசிட வளவு. ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி, நடுவுல மணல். இந்த மணல்ல தண்ணி தேங்காது, வேர் லேசா அழுகாது, அது நல்லம். ஆனா ஒண்டையும் பிடிச்சு வெச்சிருக்கவும் மாட்டுது, போட்ட பசளையும் நிக்காது, இறக்கின கம்பும் நிக்காது. வாவிக்கு மேக்கால உள்ள படுவான்கரையில களி கலந்த மண்ணுல ஒரு அடி இறக்கின கம்பு அசையாம நிக்கும், அதே கம்ப கடல் பக்கமா உள்ள எங்கட எழுவான்கரையில ஒரு அடி இறக்கினா ரெண்டு மழைக்குப் பிறகு ஒரு கோழி மோதினாலே விழும். யூடியூப்ல ஆரோ எங்கயோ கறுத்த மண்ணுல செஞ்சு காட்டுற அளவ அப்பிடியே எடுத்து இஞ்ச செஞ்சிராதீங்க.

முதல் விசயம், கம்பு முதல்ல, கண்டு பிறகு. குழி எடுத்து எருவப் போட்டு, அலவாங்கால ஒண்டரை அடிக்குக் குறையாம ஒரு துளை போட்டு கம்ப இறக்கி, சுத்திவரத் தண்ணி ஊத்தி மணல இறுக விட்டுப் போட்டு, அதுக்குப் பிறகு நாலு விரல் தள்ளிக் கண்ட நடுங்க. அப்பதான் வேர் கம்பச் சுத்திப் போகும். தக்காளிக் கண்ட நடக்குள்ள அடியில உள்ள ரெண்டு மூணு இலைய ஆஞ்சு போட்டு, முதல் நிக்கிற இலை வரைக்கும் தண்ட ஆழமாத் தாட்டு நடலாம், தாட்ட தண்டுல இருந்தும் வேர் விடும், மணலுக்கு அது பெரிய உதவி. கத்தரிக்கும் கொச்சிக்காய்க்கும், அதான் மிளகாய்க்கும், இப்பிடிச் செய்யாதீங்க, அதுகளுக்கு நாத்துமேடையில இருந்த அளவே போதும்.

கம்ப எந்தப் பக்கம் வெக்கிற எண்டு ஆரும் யோசிக்கிறதில்ல. காத்து வாற பக்கம் வெக்கணும். அப்ப காத்து செடியக் கம்புல இருந்து அங்கால தள்ளும், கட்டு பிடிச்சு நிப்பாட்டும். மற்றப் பக்கம் வெச்சா காத்து அடிக்க அடிக்க தண்டு கம்புல தேஞ்சு தேஞ்சு தோல் உரிஞ்சு போகும், காய் முட்டிக் காயப்படும். மார்கழி கடைசி, தையில நடுறவங்க வாடைக்காத்து வாற வடகிழக்குப் பக்கம் வையுங்க. சித்திரைக்குப் பிறகு நடுறதெண்டா மேக்கால வையுங்க, ஏனெண்டா அதுக்குப் பிறகு மேக்கால வாற கச்சான் காத்து.

என்ன கம்பு எண்டு கேட்டா, நல்லாக் காஞ்ச கம்பு. சீமைக்கிளுவை வேலியில தாராளமாக் கிடக்கும், நேராவும் இருக்கும், ஆனா பச்சையா வெட்டி ஊண்டினா அது முளைச்சிரும். எனக்கு ஒருக்கா 20 தக்காளிக்கு நடுவுல 20 கிளுவையும் தளிர்விட்டு நிண்டிச்சு, எதுக்குத் தண்ணி ஊத்துறன் எண்டே விளங்கல்ல, மாமி வந்து பாத்துட்டு, "மருமகன், இது தக்காளித் தோட்டமா, இல்ல புதுசா வேலி போட்டிருக்கிங்களா?" எண்டு கேட்டுட்டுப் போனா. பச்சைக் கிளுவை வெத்திலைக் கொடி ஏத்தவோ பந்தல் காலுக்கோ சரி, அதுக்கு முளைச்சாலும் குறையில்ல. தக்காளிக்கு எண்டா வெட்டி ரெண்டு மாசம் நிழல்ல காய விட்டது, இல்லாட்டி கமுகஞ்சலாகை, மூங்கில் எண்டா இன்னும் நல்லம். பெருவிரல் மொத்தம், அஞ்சரை ஆறடி நீளம் இருந்தாக் காணும். கறையான் இருக்கிற வளவு எண்டா மண்ணுக்குள்ள போற அடித்துண்ட நெருப்புல வாட்டி மேல்தோல் கரியாகும் வரை கருக்கி எடுங்க. சில பேர் பழைய என்ஜின் ஒயில்ல தோச்சு வெக்கிறவங்க, கறையான் வராதுதான், ஆனா அந்த எண்ணெய் போற இடம் நீங்க தண்ணி அள்ளுற கிணறு, இந்த மணல்ல எது ஊத்தினாலும் நேர கீழதான் போகும்.

இனிக் கட்டு. இதுலதான் முக்காவாசிப் பேரும் பிழை விடுறது. முதல்ல கயித்தக் கம்புல ரெண்டு சுத்துச் சுத்தி இறுக்கிக் கட்டுங்க, அது வழுக்கக் கூடாது. பிறகு ரெண்டு முனையையும் நடுவுல ஒருக்கா குறுக்க மாத்தி, எட்டு வடிவத்துல செடிக்கு அங்கால கொண்டுபோய் முடிச்சுப் போடுங்க. கம்புக்கும் தண்டுக்கும் இடையில அந்தக் குறுக்குக் கயிறு நிக்கிறதால ரெண்டும் உரசாது. செடிப் பக்கத்து வளையத்துக்குள்ள உங்கட சுண்டுவிரல் லேசாப் போய் வரணும், போகல்லயெண்டா இறுக்கம், அவிழ்த்துத் திருப்பிக் கட்டுங்க, தண்டு இன்னும் ரெண்டு மடங்கு தடிக்கப் போகுது எண்டது ஞாபகம் இருக்கட்டும். நைலோன் வேணாம், கட்டுக்கம்பி கிட்டயும் எடுக்காதீங்க. பழைய டீ-ஷேர்ட்ட குறுக்கால ஒரு அங்குலப் பட்டி பட்டியா வெட்டினா அது இழுபடும், அதவிட நல்ல கட்டு காசு குடுத்தாலும் கிடைக்காது. வாழைநாரும் நல்லம், ஆனா காஞ்ச நாரத் தண்ணியில ஊற வெச்சுட்டுக் கட்டணும், இல்லாட்டி முடிச்சுப் போடக்குள்ளயே டப்பெண்டு அறும். ஒரு இலைக்காம்புக்கு அடியில கட்டினாச் செடி வழுகி இறங்காது. பூக்கொத்துக்கு நேர கீழ கட்டினா காய் பாரம் வந்தவுடன கொத்துக் காம்பு கயித்துல மடிஞ்சு முறியும். ஒவ்வொரு முக்கால் அடிக்கும் ஒரு கட்டு.

சுண்டுவிரல் அளவு ஆட்டம் வேணும் எண்டதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. காத்துல கொஞ்சம் ஆடுற செடி தண்டத் தடிப்பாக்கிக் கொள்ளும், ஆடாம இறுக்கிக் கட்டின செடி ஒல்லியா உயர்ந்து, கட்டு அறுந்த அண்டைக்கு நடுவால மடியும். மார்க் ஜாஃபே எண்ட விஞ்ஞானி 1973ல இதுக்கு ஒரு பேரே வெச்சு எழுதினவர், அந்த ஆள் செடித் தண்ட ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேரம் விரலால தடவி விட்டே செடி கட்டையா, மொத்தமா வளருறதக் காட்டினவர். நாத்துமேடையில நிக்கக்குள்ளயே வெள்ளண எழும்பிக் கையால நாத்து உச்சிய மெதுவாத் தடவி விடுங்க, பாக்கிறவங்க சிரிப்பாங்கதான்.

கவட்டுத் துளிர் உடைக்கிறதப் பத்தி நிறையப் பேர் குழம்பிக் கிடக்கிறாங்க. தக்காளியில ரெண்டு சாதி இருக்கு. ஒண்டு மூணு அடி கிட்ட வந்து உச்சியில ஒரு பூக்கொத்த வெச்சுட்டு வளத்திய நிப்பாட்டிரும். மற்றது சாகும் வரைக்கும் கொடி மாதிரி மேல மேல போகும். விதைப் பைக்கற்றுல போட்டிருக்கும், இல்லாட்டி விதை தந்த ஆளிட்டக் கேளுங்க, அதுவும் இல்லாட்டி உச்சியப் பாருங்க. குட்டைச் சாதியில துளிர் உடைச்சீங்க எண்டா உங்கட காயத்தான் உடைக்கிறீங்க, அதுக்கு முதல் பூக்கொத்துக்குக் கீழ உள்ள துளிர மட்டும் எடுத்துட்டு விட்டிருங்க. உயரச் சாதிக்குத்தான் கணக்கு வேணும். இலைக்காம்புக்கும் தண்டுக்கும் நடுவுல கவட்டுக்குள்ள இருந்து சரிஞ்சு வாற துளிர், ரெண்டு அங்குலம் வர முதல் பெருவிரலால ஒரு பக்கமா மடிச்சா சத்தமில்லாமக் கழண்டு வரும். கத்தி தேவையில்ல. முதல் பூக்கொத்துக்கு நேர கீழ வாற துளிர் ஒண்டு நல்ல கொழுகொழு எண்டு இருக்கும், அத விட்டு ரெண்டாவது தண்டா வளக்கலாம், நான் எப்பவும் ரெண்டு தண்டுதான் விடுறன், ஒண்டு முறிஞ்சாலும் மற்றது இருக்கும் எண்ட பயம்.

காலையில பனி காஞ்ச பிறகு உடையுங்க, காயம் பகலுக்குள்ள காஞ்சிரும். மழை நாள்ல கை வெக்காதீங்க. சுருட்டு, பீடி, சிகரட் குடிக்கிற ஆக்கள் சவுக்காரம் போட்டுக் கை கழுவிட்டுத்தான் தொடணும், புகையிலையில இருக்கிற மொசைக் வைரஸ் கையால வந்து தக்காளியையும் கொச்சிக்காயையும் பிடிக்கும். இதச் சொன்னா பக்கத்து வளவுப் பெரியப்பாவுக்குக் கோவம் வரும், "நான் அம்பது வருசமாச் சுருட்டுக் குடிக்கிறன் மனே, எனக்கே ஒண்டும் வரல்ல" எண்டு சொல்லுவார்.

இலை தொங்குறது வேர் அறுந்ததாலயா இல்ல வாடல் நோயாலயா எண்டு பாக்க லேசான வழி ஒண்டு இருக்கு. சந்தேகமான செடியில ஒண்ட அடியால வெட்டி, ரெண்டு அங்குலத் துண்டு எடுத்து, கண்ணாடிக் கிளாஸ்ல தெளிஞ்ச தண்ணி விட்டு, வெட்டுவாய் தண்ணியில படுற மாதிரிப் பிடிச்சுக்கொண்டு அசையாம நில்லுங்க. பற்றீரியா வாடல் எண்டா கொஞ்ச நேரத்துல வெட்டுவாயில இருந்து பால் மாதிரி வெள்ளை நூல் இறங்கும். இறங்கினா அந்தச் செடிய வேரோட பிடுங்கி வளவுக்கு வெளிய கொண்டுபோய் எரியுங்க, அது நிண்ட கம்பையும் சேத்து. அந்த இடத்துல அடுத்த போகம் தக்காளி, கத்தரி, கொச்சிக்காய் மூண்டும் வேணாம்.

கொச்சிக்காய்க்குப் பெரிசா ஒண்டும் செய்யத் தேவல்ல, அது தானாவே ரெண்டாப் பிரியும், காய் பிடிக்கக்குள்ள ஒரு சின்னக் கம்பு காணும். கத்தரி முழங்கால் உயரம் வந்தவுடன உச்சிக் கொழுந்தக் கிள்ளி விடுங்க. உச்சிக் கொழுந்துல இருந்து ஒக்சின் எண்ட ஹோர்மோன் கீழ இறங்கிக் கொண்டிருக்கும் வரைக்கும் பக்க மொட்டெல்லாம் அடங்கிக் கிடக்கும், உச்சி போனவுடன கீழ உள்ளதெல்லாம் எழும்பும். கிள்ள மனமில்லாட்டி தண்ட மெதுவா வளைச்சு ஒரு பக்கமாத் தாழ்த்திக் கட்டுங்க, வளைஞ்ச இடத்துக்கு மேல நிக்கிற மொட்டுகள் ஒண்டொண்டா வெளிக்கிடும். வளைக்கிறதப் பின்னேரம் செய்யணும், வெயிலுக்குக் கொஞ்சம் தொய்ஞ்சு இருக்கக்குள்ள தண்டு இளகும், வெள்ளண தண்ணி குடிச்சு விறைச்சு நிக்கக்குள்ள வளைச்சா முறியும்.

இனிப் பந்தல், எனக்குப் பிடிச்ச வேலை. பாகல், புடோல், பீர்க்கு மூண்டுக்கும் ஒரே பந்தல் போடலாம். உயரம் எவ்வளவு எண்டு புத்தகம் பாக்காதீங்க, வீட்டுல காய் ஆயிறது ஆரெண்டு பாருங்க. எங்கட வீட்டுல மாமிதான், அதால மாமி கையத் தூக்கினா விரல் முட்டுற உயரம். நான் முதல் போட்டது ஏழு அடி, ஒவ்வொரு நாளும் கதிரை தூக்கிக் கொண்டு போனா, ஒரு கிழமையில ஏச்சுத் தாங்கேலாமப் பந்தல் கால வெட்டிக் குறைச்சன்.

கால் எட்டடிக்கு ஒண்டு, மணல் எண்டா ரெண்டடி ஆழம். ஆனா ஆழம் மட்டும் காணாது. ரெண்டு வருசத்துக்கு முந்தி கார்த்திகையில ஒரு இரவு மழையோட காத்து, விடிய எழும்பிப் பாத்தா பந்தல் முழுசாப் படுத்துக் கிடக்கு, கால் ஒண்டும் முறியல்ல, பல்லுப் பிடுங்கின மாதிரி மணலுக்குள்ள இருந்து அப்பிடியே கழண்டு வந்திருக்கு. மாமிக்கு 1978 நவம்பர் 23 சூறாவளி நல்ல ஞாபகம், அந்த மாதிரிக் காத்துக்கு வீடே நிக்கல்ல, பந்தலப் பத்திக் கதைக்கத் தேவல்ல. ஆனா இது சும்மா மாரிக் காத்து, அதுக்கு நிண்டிருக்கணும். இப்ப நான் செய்யிறது இதுதான்: மூலைக்கால் நாலுக்கும் வெளிப்பக்கமா நாலடி தள்ளி ரெண்டடிக் குழி எடுத்து, வெறும் யூரியாப் பையில பாதிக்கு மணல நிரப்பி, கழுத்த நைலோன் கயித்தால இறுக்கி, அந்தப் பையக் குழிக்குள்ள படுக்க வெச்சு மூடி மிதிச்சுப் போட்டு, கயித்து மற்ற முனையக் கால் உச்சியில இழுத்துக் கட்டுறது. நைலோன் பாவிக்கிற இடம் இது ஒண்டுதான். மேல உள்ள மணல் முழுக்கத் தூக்கினாத்தான் பை வெளிய வரும். போன மாரிக்கு ஒரு காலும் அசையல்ல. அதோட மாரி பிடிக்க முதல் பந்தல்ல மஞ்சளான இலை, உள்ள அடைஞ்ச கொடி எல்லாத்தையும் பிடுங்கி வெளிச்சம் தெரியிற அளவுக்கு ஐதாக்கி விடுங்க, ஈரப் பந்தல் பாய்மரம் மாதிரிக் காத்தப் பிடிக்கும், பாரமும் கூட.

மேல தும்புக்கயிறு ஒரு அடிக்கு ஒண்டு குறுக்கும் நெடுக்கும். மொத்தக் கம்ப விட மெல்லிய கயித்தத்தான் கொடி பிடிச்சு ஏறுற சுருள்தந்துக்குப் பிடிக்கும், அதால மண்ணுல இருந்து பந்தலுக்கும் ஒரு கயிறு தொங்க விடுங்க. பாகல் தந்து ஒண்டு கயித்தப் பிடிச்ச பிறகு கிட்டப் போய்ப் பாருங்க, பழைய வீட்டு டெலிபோன் வயர் மாதிரிச் சுருண்டிருக்கும், பாதி ஒரு பக்கம் சுத்தி, நடுவுல ஒரு சின்ன நேர்த்துண்டு, மற்றப் பாதி எதிர்ப்பக்கம். ரெண்டு முனையும் பிடிபட்டிருக்கக்குள்ள வேற மாதிரிச் சுருளவும் ஏலாது. காத்து இழுக்கக்குள்ள அது நீண்டு திரும்பச் சுருங்கும், அறாது. சார்ள்ஸ் டார்வின் 1865ல ஏறுகொடிகளப் பத்தித் தனியா எழுதினவர், இதையும் விடாமப் பாத்திருக்கார். எனக்கு எட்டு வடிவக் கட்டுல விட்ட சுண்டுவிரல் இடம் இதப் பாத்துத்தான் விளங்கினது.

பயற்றைக்குத் தந்து இல்ல, தண்டே சுத்தி ஏறும். விலகிப் போனதத் திருப்பிச் சுத்தி விடக்குள்ள பக்கத்துல உள்ள மற்றக் கொடிகள் எந்தப் பக்கம் சுத்தியிருக்கோ அதே பக்கம் சுத்துங்க, மாத்திச் சுத்தினா விடியக்குள்ள கழண்டு நிக்கும்.

பாகல் பந்தல் உச்சி வரும் வரைக்கும் கீழ உள்ள பக்கக் கொடியெல்லாம் கிள்ளுங்க, ஒத்தைத் தண்டா ஏத்துங்க. பந்தலத் தொட்டவுடன உச்சியக் கிள்ளி நாலு பக்கமும் பரவ விடுங்க. பாகல்ல பெண்பூ பக்கக் கொடியிலதான் கூட வரும், பூவுக்குப் பின்னால குட்டிப் பாவக்காய் மாதிரி இருக்கிறதுதான் பெண்பூ. பிஞ்சா இருக்கக்குள்ளயே பேப்பர் பை போட்டுக் கட்டினா பழ ஈ குத்தாது. பின்னேரத்துல பந்தலுக்கு மருந்து அடிக்காதீங்க, பீர்க்கம்பூ விரியிறது பொழுதுபடத்தான், புடோல் பூ இரவுல வெள்ளை நூல் நூலா விரிஞ்சு நிக்கும், பூச்சி வாறது அந்த நேரத்துல.

கச்சான் தொடங்கினா வேற கதை. வைகாசியில இருந்து ஆவணி வரைக்கும் மேக்கால வாற அந்தச் சுடுகாத்து செடியச் சாய்க்கிறத விட உலத்திறதுதான் கூட, தக்காளிப் பூ காம்போட கொட்டும். மேக்குப் பக்கம் மறைப்பு வேணும், ஆனா தகரம் அடிக்காதீங்க, முழுசா மறைச்சா காத்து மேலால ஏறி அங்கால குத்திச் சுழலும், தகரத்துக்குப் பின்னால நிக்கிற செடிதான் முதல் முறியும். தென்னோலையில பின்னின கிடுக ஐதாக் கட்டி, பாதிக் காத்து நுழையிற மாதிரி விட்டாப் போதும், ஆறடி வேலி எண்டா முப்பது நாப்பது அடிக்கு அங்கால வரைக்கும் நல்லாத் தணிக்கும். இந்த மாசங்கள்ல தக்காளியில மேக்குப் பக்க இலைய ஆயாதீங்க, பின்னேர வெயில் நேர காய்ல பட்டா தோள்ப்பக்கம் வெள்ளையா வெந்து போகும்.

புடோலுக்கு ஒரு வேலை மிச்சம் இருக்கு. காய் ஒரு முழம் வந்து வளையத் தொடங்கினா, நுனியில வாழைநாரால ஒரு சின்னக் கல்லு கட்டித் தொங்க விடணும், பாக்கு அளவு கல்லு காணும், பெரிசு கட்டினா நுனி அறும். நான் ஒருக்கா பொறுமை இல்லாம அரைச் செங்கல் கட்டி மூணு காய் போச்சு. மாமி கல்லுக் கட்டினாக் கயிறு தெரியாது, அவ்வளவு வடிவாக் கட்டுவா, பந்தலுக்குக் கீழ போகக்குள்ள மண்டையில முட்டினாத்தான் கல்லு இருக்கெண்டு தெரியும்.

முடிஞ்ச பிறகு கம்பெல்லாம் பிடுங்கி, மண்ணத் தட்டி, நல்ல வெயில்ல ஒரு கிழமை காய வெச்சு அடுப்படிக் கூரைக்குக் கீழ படுக்க வையுங்க. வாடல் வந்த செடியோட நிண்டத அதுக்குள்ள கலக்காதீங்க. இந்த முறை 40 கம்புல 26 தேறினது. மிச்சத்த நான் எண்ணி முடிக்க முதல் மாமி அடுப்புக்கு எடுத்திட்டா.